பேசாத டால்பினுக்குப் பரிசு கிடையாதா?

அறிவியல் சிறுகதைப் போட்டிக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுவினருக்கு,

பள்ளி மாணவர்களுக்கு நீங்கள் நடத்திய அறிவியல் சிறுகதைப் போட்டியில் தேர்வான கதைகளைப் புத்தகமாக்கி, வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டப் பள்ளி நூலகங்களுக்கு அனுப்பப் போவதாகப் பரிசளிப்பு விழாவில் அறிவித்தீர்கள். போட்டிக்கு முன்னால் பள்ளிகளுக்கு வந்த, டால்பினைப் பற்றிய இரண்டு பக்கக் குறிப்புதான் அந்தப் புத்தகத்துக்கு முன்னுரை என்றும் சொன்னீர்கள். அடுத்த ஆண்டுத் தலைப்பு 'பேசும் யானை' என்றதும் அரங்கில் கைதட்டல் அடங்க நேரமாயிற்று. என்னால் கைதட்ட முடியவில்லை.

முதலில் போனில்தான் பேசினேன். உங்கள் ஒருங்கிணைப்பாளர் பொறுமையாகவே கேட்டார். "கதைன்னா கொஞ்சம் அப்படி இப்படித்தான் இருக்கும் மேடம், பசங்க ரசிக்க வேணாமா?" என்றார். அப்புறம் எழுத்துமூலமாகக் கொடுக்கச் சொன்னார். கொடுத்தேன். பதில் வரவில்லை. புத்தகம் அச்சுக்குப் போகப் போகிறது என்று மட்டும் வேறொருவர் வழியாகக் காதில் விழுந்தது. அதனால்தான் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

பேரணாம்பட்டுப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருக்கிறேன். பெயர் போடாததற்குக் காரணம் உங்களுக்கே தெரியும். ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் என் மாணவி ஒருத்தி உங்கள் போட்டிக்குக் கதை எழுதினாள். பரிசு கிடைக்கவில்லை என்பது என் குறையல்ல. பரிசு கிடைக்காததற்கு நீங்கள் எழுதியனுப்பிய காரணம்தான் குறை.

அவள் கதை இதுதான். பாம்பன் பக்கம் ஓர் இரவு. அப்பாவும் மகனும் படகில். வலையில் ஒரு டால்பின் குட்டி சிக்கிக்கொள்கிறது. டால்பினுக்கு நுரையீரல்தான், மீனைப் போல செவுள் கிடையாது, மூச்சு விட மேலே வந்தாக வேண்டும் என்பது அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருக்கிறது. குட்டிக்கு நேரமில்லை. தாய் படகைச் சுற்றிச் சுற்றி வருகிறது. அப்பா வலையை அறுத்துவிடுகிறார். இரக்கத்தால் என்று கதை சொல்லவில்லை. எப்படியும் கிழியப் போகிற வலைதான் என்று புலம்பிக்கொண்டே அறுக்கிறார், வலை விலையைச் சொல்லித் திட்டவும் செய்கிறார். குட்டி நழுவிப் போகிறது. பையன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறான், பாடப் புத்தகக் கதைகளில் வருவதுபோல நன்றி சொல்ல அவை திரும்பி வரும் என்று. வரவில்லை. பையனுக்குக் கோபம் வருகிறது. "அதுக்கு அதோட வேலைடா" என்கிறார் அப்பா. கதை முடிந்தது.

பதினாலு வயதுப் பிள்ளை எழுதியது. எழுத்துப்பிழை இருக்கிறது, நடுவில் ஒரு பத்தி தேவையில்லை. ஆனால் அந்த வலை விலை வருகிற இடத்தை நான் இரண்டு முறை படித்தேன்.

திருப்பி அனுப்பிய தாளின் ஓரத்தில் சிவப்பு மையில் குறிப்பு இருந்தது. டால்பின் அறிவுள்ள விலங்கு என்பதே போட்டியின் கரு, இந்தக் கதையில் அது எதுவும் பேசவில்லை, மனிதர்களுக்கு உதவவும் இல்லை, கற்பனை போதாது என்று எழுதியிருந்தார்கள். கற்பனைத் திறனுக்கு இருபதுக்கு ஆறு.

முதல் பரிசுக் கதையில் டால்பின் கடத்தல்காரர்களுக்குத் திருக்குறள் சொல்லித் திருத்துகிறது. இரண்டாம் பரிசில், தேர்வில் தோற்றுக் கடலில் விழுந்த பையனை முதுகில் ஏற்றிக் கரை சேர்த்து அறிவுரை சொல்கிறது. மூன்றாவதில் அது ஒற்றன். இவற்றை எழுதிய பிள்ளைகள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. மூன்றாவது கதையை எழுதிய பையனின் நடை, சொல்லப்போனால், எனக்கு ரொம்பவே பிடித்தது. அவர்கள் உங்கள் குறிப்பைப் படித்துவிட்டு, நீங்கள் கேட்டதை எழுதினார்கள். விழா மேடையின் ஃப்ளெக்ஸிலும் அதுதானே இருந்தது? பட்டமளிப்புத் தொப்பியும் மூக்குக் கண்ணாடியும் போட்டு, துடுப்பில் புத்தகம் பிடித்திருந்த டால்பின்.

என் மாணவி சிவப்பு மையைப் படித்துவிட்டு என்னிடம் கேட்டாள்: "மிஸ், அது பேசலன்னா அதுக்கு அறிவு இல்லன்னு அர்த்தமா?"

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியது நீங்கள். நீங்கள் சொல்லவில்லை என்பதால் நான் சொல்ல வேண்டியிருக்கிறது.

உங்கள் குறிப்பிலிருந்தே தொடங்குகிறேன். மனிதன் மூளையில் பத்து சதவீதத்தைத்தான் பயன்படுத்துகிறான், டால்பின் இருபது சதவீதத்தைப் பயன்படுத்துகிறது என்று முதல் வரியிலேயே போட்டிருக்கிறீர்கள். வாட்ஸ்அப்பில் சுற்றும் சரக்கு இது. மனித மூளை உடல் எடையில் ஏறத்தாழ 2 சதவீதம்தான், ஆனால் உடம்பு செலவழிக்கும் ஆற்றலில் 20 சதவீதத்தை அது வாங்கிக்கொள்கிறது. தொண்ணூறு சதவீதம் சும்மா கிடக்கும் உறுப்புக்கு எந்த உடம்பும் இப்படித் தீனி போடாது. அடுத்த வரி, டால்பின் மூளை மனித மூளையை விடப் பெரியது, அதனால் அறிவு அதிகம் என்கிறது. கடலில் பரவலாகக் காணப்படும் பாட்டில்மூக்கு டால்பினின் மூளை சுமார் ஒன்றரைக் கிலோ, நம்முடையதை விடக் கொஞ்சம் கூடத்தான். எடையை வைத்துப் பரிசு கொடுப்பதானால் யானைக்கு ஐந்து கிலோ, ஸ்பெர்ம் திமிங்கலத்துக்கு எட்டுக் கிலோ. மேடையில் அவற்றுக்கல்லவா தொப்பி போட்டிருக்க வேண்டும்?

டால்பின் எப்போதும் சிரித்த முகத்தோடு இருப்பதால் மனிதர்களை நேசிக்கிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். அது தாடையின் அமைப்பு. செத்துக் கரை ஒதுங்கிய டால்பினும் அதே முகத்தோடுதான் கிடக்கும்.

முழுகுபவர்களைக் காப்பாற்றும் என்ற நம்பிக்கை பழையது, கிரேக்கக் கதைகளிலேயே இருக்கிறது. நோயுற்ற துணையை, சில நேரம் இறந்துபோன குட்டியைக்கூட, டால்பின்கள் நீர்மட்டத்துக்குத் தூக்கிப் பிடிப்பது உண்மை. பலர் பார்த்து எழுதி வைத்திருக்கிறார்கள். நீரில் தத்தளிக்கும் மனிதரையும் எப்போதாவது அப்படித் தள்ளியிருக்கலாம். ஆனால் கரைப்பக்கம் தள்ளப்பட்டவர்தான் வந்து கதை சொல்வார், நடுக்கடல் பக்கம் தள்ளப்பட்டவர் எங்கே வந்து சொல்வார்? நியூசிலாந்தில் 1888 முதல் 1912 வரை ஒரே டால்பின் கப்பல்களோடு கூடவே நீந்தி வந்தது. கப்பலுக்கு வழிகாட்டுகிறது என்று ஊரே நம்பியது, 1904-ல் அதைப் பாதுகாக்கத் தனி அரசாணையே போட்டார்கள். கப்பலின் முன்னால் எழும் அலையில் ஏறிச் சவாரி போவது டால்பின்களுக்கு வழக்கம். அதற்கு அதில் சுகம் இருந்திருக்கும். நமக்கு வழி காட்டுவது அதன் வேலையென்று முடிவு செய்தவர்கள் நாம்தான்.

இனி 'டால்பின் மொழி' விஷயம். விஞ்ஞானிகள் அதனோடு பேசிவிட்டார்கள் என்று உங்கள் குறிப்பு சொல்கிறது. யார் பேசினார்கள் என்று அதில் இல்லை. நான் சொல்கிறேன். ஜான் லில்லி என்ற அமெரிக்க மூளையியல் ஆய்வாளர் 1960-களில் டால்பினுக்கு ஆங்கிலம் கற்றுக்கொடுக்க முயன்றார். நாசாகூடப் பணம் கொடுத்தது, வேற்றுக்கிரக உயிர்கள் வந்தால் எப்படிப் பேசுவது என்பதற்கு இது ஒத்திகையாக இருக்கும் என்ற எண்ணத்தில். 1965-ல் கரீபியக் கடலின் செயின்ட் தாமஸ் தீவில் ஒரு வீட்டுக்குள் தண்ணீரை நிரப்பி, பீட்டர் என்ற டால்பினோடு ஓர் இளம்பெண்ணை வாரக்கணக்கில் தங்க வைத்தார்கள். பாடம் நடந்தது. டால்பினுக்கு நம்மைப் போலக் குரல்நாண் கிடையாது, தலைக்குள் இருக்கும் மூச்சுப்பாதையில்தான் ஒலி எழுப்புகிறது. சொல்லின் ஏற்ற இறக்கத்தைக் கொஞ்சம் போலச் செய்தது, அவ்வளவுதான். வேறு சில டால்பின்களுக்கு லில்லி எல்எஸ்டி என்ற போதைப்பொருளை ஊசியாகவும் போட்டார். பணம் நின்றதும் ஆய்வகம் மூடப்பட்டது. பீட்டரை மயாமியில் சிறிய தொட்டிகள் உள்ள வேறு கட்டடத்துக்கு மாற்றினார்கள், அங்கே கொஞ்ச நாளில் அது செத்துப்போனது. பேசும் டால்பின் கதைகளெல்லாம் பெருகியது அந்தக் காலத்தில்தான். கதைகளில் அந்தத் தொட்டி வருவதில்லை.

அதற்குப் பிறகு வந்தவர்கள் கேள்வியை மாற்றிக் கேட்டார்கள். ஹவாயில் லூயிஸ் ஹெர்மன் என்ற ஆய்வாளர் அகேயாகமாய் என்ற டால்பினுக்குக் கைச்சைகைகளால் கட்டளை கொடுத்தார். அது பேச வேண்டியதில்லை, புரிந்துகொண்டால் போதும். வளையத்தைக் குழாயிடம் கொண்டுபோ என்பதற்கும் குழாயை வளையத்திடம் கொண்டுபோ என்பதற்கும் சைகைகள் அவையே, வரிசைதான் மாறும். அது வித்தியாசம் கண்டுபிடித்துச் செய்தது. தொட்டியில் பந்து இருக்கிறதா என்று கேட்டால் ஆம், இல்லை என்பதற்காக வைத்திருந்த இரண்டு பலகைகளில் ஒன்றை அழுத்தியது. இல்லாத பொருளை இல்லை என்று சொல்வது சின்ன விஷயமா? இதை வைத்து எத்தனை கதை எழுதலாம்!

இன்னொன்று. ஒவ்வொரு பாட்டில்மூக்கு டால்பினுக்கும் தனக்கென்று ஒரு சீழ்க்கை உண்டு. பிறந்த சில மாதங்களுக்குள் குட்டி அதை உருவாக்கிக்கொள்கிறது, பிறகு காலமெல்லாம் அதுதான். 2013-ல் ஸ்காட்லாந்துக் கடலில் இரண்டு ஆய்வாளர்கள், டால்பின்களின் சீழ்க்கைகளை நகலெடுத்து நீருக்குள் ஒலிக்கவிட்டார்கள். தன் சீழ்க்கையைக் கேட்ட டால்பின் பதிலுக்கு அதே சீழ்க்கையை எழுப்பியது. வருகைப் பதிவேட்டில் பெயர் கூப்பிட்டதும் "உள்ளேன் மிஸ்" என்கிறார்களே, கிட்டத்தட்ட அப்படி. அதே ஆண்டு வந்த இன்னொரு ஆய்வில், பெய்லி என்ற பெண் டால்பினுக்கு, முன்பு தன்னோடு ஒரே இடத்தில் வாழ்ந்த அல்லீ என்ற டால்பினின் சீழ்க்கையைப் போட்டுக் காட்டினார்கள். இரண்டும் பிரிந்து இருபது ஆண்டு ஆறு மாதம் ஆகியிருந்தது. பெய்லிக்கு அடையாளம் தெரிந்தது. 2023-ல் அமெரிக்காவின் சாரசோட்டா விரிகுடாவில் பத்தொன்பது தாய் டால்பின்களின் ஒலிகளை ஒப்பிட்டார்கள். குட்டி பக்கத்தில் இருக்கும்போது தாய் தன் சீழ்க்கையின் சுருதியை ஏற்றி எழுப்புகிறது. நம் வீடுகளில் தொட்டில் பிள்ளையிடம் பேசும்போது குரல் மாறுகிறதே, அதை இதோடு சேர்த்துத்தான் ஆய்வாளர்களும் பேசுகிறார்கள்.

என் மாணவியின் கதையில் தாய் சீழ்க்கை அடித்துக்கொண்டே படகைச் சுற்றுகிறது. பையனுக்கு அது கேட்கவில்லை, தண்ணீர் கலங்குவது மட்டும் தெரிகிறது. இருபதுக்கு ஆறு வாங்கிய கற்பனை அது.

ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையில் ஷார்க் பே என்ற இடம். அங்கே சில டால்பின்கள் கடற்பஞ்சைப் பிய்த்து மூக்கில் மாட்டிக்கொண்டு அடிமணலைக் கிளறுகின்றன. மணலுக்குள் ஒளிந்திருக்கும் மீன் வெளியே வரும், கல்லும் முள்ளும் மூக்கைக் கிழிக்காது. பெரும்பாலும் தாயிடமிருந்து மகள் கற்றுக்கொள்ளும் தொழில் இது. அதே இடத்தில் வேறு சில, பெரிய சங்குக்குள் புகுந்த மீனைச் சங்கோடு மேலே தூக்கி வந்து, உதறி வாயில் போட்டுக்கொள்கின்றன. இந்த வித்தையைத் தாயிடம் அல்ல, கூட்டாளிகளைப் பார்த்துக் கற்கின்றன என்று 2020-ல் கண்டார்கள். குடியாத்தத்தில் தறி வேலை தெரிந்த எந்த வீட்டுப் பிள்ளைக்கும் இந்த இரண்டு வகைப் படிப்பும் சொல்லிக்கொடுக்காமலே புரியும்.

அப்புறம், நீங்கள் விரும்பாத பக்கமும் இருக்கிறது. அதே ஷார்க் பேயில் ஆண் டால்பின்கள் இரண்டு மூன்றாகக் கூட்டணி சேர்ந்து பெண் டால்பினை மடக்கி, நாள்கணக்கில் விடாமல் வைத்துக்கொள்கின்றன. ஸ்காட்லாந்துக் கரையில் டால்பின்கள் தம் இனக் குட்டிகளையே அடித்துக் கொன்றதை 1990-களில் பதிவு செய்தார்கள். பார்ப்பாய்ஸ் எனப்படும் சிறிய உறவுக்கார இனத்தையும் கொல்கின்றன, தின்பதற்கு அல்ல. கூட்டணி அமைப்பது, யார் யாரோடு சேர்ந்தார்கள் என்று நினைவில் வைத்திருப்பது, இதற்கெல்லாம் நிறையவே அறிவு வேண்டும். அந்த அறிவு நல்லொழுக்கப் பாடம் நடத்தும் என்று யார் சொன்னது?

இதெல்லாம் தெரிந்துகொண்டு குழந்தைகளுக்கு என்ன ஆகப்போகிறது, கதைதானே என்று கேட்பீர்கள். பஞ்சதந்திரத்தில் நரி பேசவில்லையா என்றும் கேட்பீர்கள். தாராளமாகப் பேசட்டும். அந்த நரி நரித்தோல் போர்த்திய அமைச்சர் என்பது ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். அதைப் படித்துவிட்டு யாரும் நரியின் உயிரியலைக் கற்றுக்கொண்டதாக நினைப்பதில்லை. நீங்கள் போட்டிக்கு வைத்த பெயர் அறிவியல் சிறுகதை. அந்த முதல் சொல்லுக்கு ஏதாவது கடமை இருக்க வேண்டும். குறுந்தொகையில் துணையை இழந்த மந்தி ஒன்று வருகிறது, தன் குட்டியைச் சுற்றத்திடம் ஒப்படைத்துவிட்டு மலையிலிருந்து பாய்கிறது. அதுவும் கற்பனைதான். ஆனால் மந்தி ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தப் புலவரின் கற்பனைத் திறனுக்கு உங்கள் நடுவர்கள் எத்தனை மதிப்பெண் போடுவார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை.

கதை வெறும் கதையாக நிற்பதும் இல்லை. 'சிரிக்கும் நண்பன்' என்ற நம்பிக்கையில்தான் உலகம் முழுக்கத் தொட்டி கட்டி டிக்கெட் விற்றார்கள். நம் பக்கத்திலேயே நடந்தது: 1990-களின் இறுதியில் சென்னைக்குத் தெற்கே ஒரு பொழுதுபோக்குப் பூங்காவுக்குப் பல்கேரியாவிலிருந்து டால்பின்களைக் கொண்டுவந்தார்கள். சில மாதங்களுக்குள் அவை இறந்துவிட்டன. 2013 மே மாதம் மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் இந்தியாவில் டால்பின் காட்சிக்கூடங்களுக்கு அனுமதி இல்லை என்று சுற்றறிக்கை விட்டது. மிகுந்த அறிவும் உணர்வும் உள்ள இந்த விலங்குகளை அடைத்து வைத்துக் காட்சிப்பொருளாக்குவது ஒழுக்கமாகாது என்பதே அதன் சாரம். அந்த அறிவை ஒப்புக்கொள்ள, டால்பின் வந்து குறள் சொல்லட்டும் என்று அரசு காத்திருக்கவில்லை.

நம் நாட்டு ஆறுகளிலேயே ஒரு டால்பின் இருப்பதையும் உங்கள் குறிப்பு மறந்துவிட்டது. கங்கை டால்பின், 2009-ல் தேசிய நீர்வாழ் விலங்காக அறிவிக்கப்பட்டது. கலங்கிய ஆற்றில் வாழ்கிறது. கண்ணில் வில்லையே கிடையாது, ஒலியை அனுப்பி எதிரொலியை வாங்கித்தான் இரை தேடுகிறது, அடிக்கடி ஒருபக்கமாகச் சாய்ந்தே நீந்துகிறது. 2025-ல் வெளியான கணக்கெடுப்பின்படி நாட்டில் 6,327 ஆற்று டால்பின்கள். அணையும் சாக்கடையும் வலையும்தான் அதன் பிரச்சினை. பாலாற்றங்கரையில், தோல் தொழிற்சாலைக் கழிவையும் மணல் அள்ளிய பள்ளத்தையும் பார்த்து வளரும் பிள்ளைகளுக்கு ஆறு கெடுவது என்றால் என்னவென்று யாரும் விளக்க வேண்டாம். கடலையே பார்த்திராத என் வகுப்புப் பிள்ளைகள் இந்த டால்பினைப் பற்றி நான் சொன்னபோதுதான் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். "கண்ணு தெரியாமலே எப்படி மிஸ் மீன் பிடிக்கும்?" என்று கேட்டுத் துளைத்தெடுத்துவிட்டார்கள்.

இப்போது யானைக்கு வருகிறேன். நான் இவ்வளவு வேகமாக எழுதுவதற்கு உண்மைக் காரணமே அதுதான்.

வேலூர் நகரத்தில் உட்கார்ந்து 'பேசும் யானை' என்று தலைப்பு வைப்பது எளிது. எங்கள் பக்கம் யானை ஆந்திராவின் கவுண்டின்யா காட்டிலிருந்து எல்லை தாண்டி வருகிறது. மாங்காய் முற்றும் காலத்தில் தோப்பில் காவல் இருப்பவர்களுக்கு இரவில் தூக்கம் கிடையாது. பட்டாசு, தகரம், டார்ச். வாழையும் கரும்பும் ஒரே இரவில் போய்விடும், ஆளும் போயிருக்கிறார்கள். என் மாணவியின் தாத்தா அப்படித் தோப்புக் காவல் இருப்பவர். கதை எப்படித் தோன்றியது என்று அவளிடம் கேட்டபோது அவள் சொன்னது: "யானை என்ன பேசுதா மிஸ்? ஆனா தாத்தா எப்ப அசருவாருன்னு அதுக்குத் தெரியுது. கம்பியில கரன்ட் இருக்கா இல்லையான்னு அதுக்குத் தெரியுது." மின்வேலி மேல் மரத்தைச் சாய்த்துவிட்டு உள்ளே வருவதும், மின்சாரம் கடத்தாத தந்தத்தால் கம்பியை அறுப்பதும் யானைகளிடம் பல இடங்களில் பார்த்ததுதான். விலங்கின் அறிவு எப்படி இருக்கும் என்பதை அந்தக் குடும்பம் பயிரைக் கொடுத்துத் தெரிந்துகொண்டிருக்கிறது. அதனால்தான் அவளுடைய டால்பின் நன்றி சொல்லத் திரும்பி வரவில்லை.

யானை நம் அண்ணன் தம்பி, பேசினால் கேட்கும் என்று பரிசுக் கதைகள் படித்து வளரும் பையன், தோப்போரம் நிற்கும் யானையைப் பார்த்தால் என்ன செய்வான்? செல்போனை எடுத்துக்கொண்டு கிட்டே போவான். ஏற்கெனவே போகிறார்கள்.

உண்மையிலேயே பேசிய யானை ஒன்று உண்டு, தெரியுமா? தென்கொரியாவில் ஓர் உயிரியல் பூங்காவில் இருக்கும் கோஷிக் என்ற ஆசிய யானை. தும்பிக்கையை வாய்க்குள் விட்டு, பாகனின் குரலைப் போலவே ஐந்து கொரியச் சொற்களை ஒலித்தது. 2012-ல் ஆய்வாக வந்தது. 'உட்கார்' என்ற சொல்லும் அந்த ஐந்தில் உண்டு. அதைச் சொல்லிவிட்டு மற்றவர் உட்காருவார்கள் என்று அது எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை, பொருள் புரிந்து சொன்னதற்குச் சான்று கிடைக்கவில்லை. பின் எதற்காகச் சொன்னது? குட்டிப் பருவத்தில் பல ஆண்டுகள் வேறு யானையே இல்லாமல் மனிதர்களோடு மட்டும் இருந்திருக்கிறது, அந்த மனிதர்களோடு ஒட்டிக்கொள்ள அவர்கள் குரலை எடுத்துக்கொண்டது என்பது ஆய்வாளர்களின் கருத்து. காட்டு யானையோ மனிதக் குரலை வேறு விதமாகப் பயன்படுத்துகிறது. கென்யாவின் அம்போசெலியில், தங்களை ஈட்டியால் தாக்கக்கூடிய மசாய் இன ஆண்களின் குரலையும் மற்றவர்கள் குரலையும் ஒலிப்பதிவில் கேட்டே யானைகள் பிரித்தறிந்தன, பெண்கள் குரலுக்கும் சிறுவர் குரலுக்கும் அவ்வளவாக அஞ்சவில்லை. பேசும் யானையைவிட, நாம் பேசுவதைக் கேட்டு நாம் யார் என்று கணக்குப் போடும் யானை சுவாரசியமானது இல்லையா? பேரணாம்பட்டுப் பிள்ளைகளுக்கு அந்தத் தலைப்பைக் கொடுத்துப் பாருங்கள். நகரத்துப் பள்ளிகள் பரிசு வாங்கச் சிரமப்படும்.

நான் கேட்பது இவைதான்.

அந்த இரண்டு பக்கக் குறிப்பு முன்னுரையாக அச்சாகக் கூடாது. பள்ளிகளுக்கு ஏற்கெனவே போன பிரதிகளில் உள்ள தவறுகளை, முக்கியமாக மூளைச் சதவீதக் கதையையும் மொழி பேசிவிட்டார்கள் என்ற வரியையும், திருத்தி எல்லாப் பள்ளிகளுக்கும் எழுத வேண்டும். புதிய முன்னுரை எழுத ஆள் வேண்டுமென்றால் நம் மாவட்டக் கல்லூரிகளில் விலங்கியல் துறைகள் இருக்கின்றன. அவர்கள் மறுத்தால் நான் எழுதித் தருகிறேன், பணம் வேண்டாம்.

பரிசு பெற்ற பிள்ளைகளின் கதைகளில் ஒரு வரிகூட மாற்ற வேண்டாம், பரிசையும் திரும்பக் கேட்க வேண்டாம். ஒவ்வொரு கதைக்குக் கீழேயும் டால்பின் உண்மையில் என்ன செய்யும் என்று நான்கு வரி போட்டால் போதும்.

பேசவில்லை, உதவவில்லை என்ற காரணத்துக்காக மதிப்பெண் குறைக்கப்பட்ட கதைகள் எத்தனை என்று பார்த்து, அவற்றை வேறு நடுவர்களிடம் கொடுத்து மறுபடி படிக்கச் சொல்லுங்கள். என் மாணவியின் கதையை மட்டும் தனியாக எடுக்கச் சொல்லவில்லை. அது மறுபடியும் தோற்றால் தோற்கட்டும், வேறு காரணத்துக்காகத் தோற்கட்டும். நடுவர் குழுவில் இனி ஒருவராவது உயிரியல் படித்தவராக இருக்க வேண்டும்.

அடுத்த ஆண்டுத் தலைப்பை மாற்றுங்கள். மாற்ற மனமில்லை என்றால், தலைப்பை இறுதி செய்யும் முன் குடியாத்தம், பேரணாம்பட்டு எல்லையோரக் கிராமம் ஒன்றில் மாலை ஆறு மணிக்குப் பிறகு ஒரு கூட்டம் போடுங்கள். தோப்புக் காவல் இருப்பவர்களும் வனத்துறைக் களப்பணியாளர்களும் வரட்டும். இடம் நான் ஏற்பாடு செய்கிறேன். திரும்பிப் போகக் கடைசிப் பேருந்து நேரத்தையும் கேட்டுச் சொல்கிறேன், இருட்டில் அந்தச் சாலையில் யாரும் நடக்க விரும்பமாட்டீர்கள்.

புத்தகம் அச்சகத்துக்குப் போகும் முன் இந்த மடலுக்கு எழுத்தில் பதில் வேண்டும். பள்ளி முகவரி உங்கள் பதிவேட்டில் இருக்கிறது.

இப்படிக்கு,
ஓர் அறிவியல் ஆசிரியை,
பேரணாம்பட்டு வட்டம், வேலூர் மாவட்டம்